பிறப்பிடமும் வதிவிடமும்

பத்திரிகையைக் கையில் எடுப்போருள் தலையங்கம் படிப்போர் சிலர். சிறுகதை படிப்போர் சிலர். மரண அறிவித்தலோ எல்லாரும் படிப்பது. யாழ்ப்பாணத்தவர்க்கு அது வெறுஞ் செய்தியன்று. கிளைவழி அறியும் கல்வி. ‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இன்னார்’ என்று தொடங்கும்; இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னார் இன்னாரின் மைத்துனர் என்று கிளைத்துச் செல்லும்; உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடியும். இதற்கு இலக்கணஞ் செய்த ஆசிரியர் எவருமிலர். ஆயினும் வெண்பாவிலும் இறுக்கமான யாப்பு இதற்கு உண்டு. பத்திரிகையில் வந்தபோதும், இலங்கை வானொலியில் வாசிக்கப்பட்டபோதும், இன்று இணையத்தில் ஏறியபோதும் அந்த யாப்புக் குலையவில்லை.

குலையவில்லை, ஆனால் முதலடி நீண்டுவிட்டது. எங்கள் பாட்டன்மார் காலத்து அறிவித்தல்களில் பிறப்பிடமும் வதிவிடமும் பெரும்பாலும் ஓரூரே. பின்னர் அவை இரண்டாயின: வேலணை பிறப்பிடம், வெள்ளவத்தை வதிவிடம். இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் மூன்றும் நான்கும் காணலாம். புங்குடுதீவு பிறப்பிடம், கிளிநொச்சி வாழ்விடம், பிரான்ஸ் முன்னைய வதிவிடம், கனடா ஸ்காபரோ தற்போதைய வதிவிடம். சிலவற்றில் ‘தற்காலிக வதிவிடம்’ என்றொரு தொடரும் வரும். முப்பது ஆண்டு வாழ்ந்து, வீடு வாங்கி, பேரப்பிள்ளை கண்டு, அங்கேயே கண்ணை மூடிய ஒருவர்க்கும் அவ்விடம் தற்காலிகமே. அந்தச் சொல்லை எழுதுவித்தவர் மனத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அறியாமையால் எழுதிய சொல்லன்று அது.

இணையம் இந்நாட்டிற் பொதுமக்களுக்கு விலைக்குக் கிடைக்கத் தொடங்கியது 1995ஆம் ஆண்டில். அக்காலத்தில், உலகமே ஒரு சிற்றூராகிவிடும், இனி எவர்க்கும் தன்னூர் என்பதொன்று இராது என்று மேடைதோறும் பேசக் கேட்டோம். உலகம் சிற்றூராயிற்றோ இல்லையோ, எங்கள் சிற்றூர்கள் உலகெங்கும் போய்விட்டன. ஈழத்தமிழர் இணையத்திற் கட்டிய கட்டடங்களுள் ஊர்ப்பெயர் தாங்கியவை மிகப் பல. தீவகத்து ஊர்களுக்கும் வலிகாமத்து ஊர்களுக்கும் வடமராட்சி ஊர்களுக்கும் தனித்தனித் தளங்கள் எழுந்தன. சில ஊர்களுக்கு இரண்டு. ஊர் இரண்டுபட்டால் இணையத்தளமும் இரண்டுபடுமன்றோ? பின்னர் முகநூற் பக்கம் வந்தது. வைபர்க் குழு வந்தது. வட்ஸ்அப் குழு வந்தது. இவ்வாறு காற்றிலேறிப் போன ஊர் எத்தகையது, மண்ணில் எஞ்சிய ஊர் அதனால் எவ்வாறு மாறுகின்றது என்பனவே ஈண்டு நாம் நோக்கப் புகுந்தவை.

மண்ணிலிருந்த ஊரை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறில்லை; நிலத்தடி நீரே உயிர். ஆதலால் ஊரின் உறவு கிணற்றில் தொடங்கிற்று. பங்குக் கிணற்றில் இன்ன நாள் இன்னாரின் இறைப்பு என்று முறை இருந்தது. துலாவில் ஏறி மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் மாற ஒருவர். முதல் நாள் மாலை வேலிப் பிணக்கில் வாய்ச்சண்டை பிடித்தவன், மறுநாள் விடியற்காலையில் எதிரியின் துலாவில் ஏறியாக வேண்டும். ஏறாவிடின் தன் இறைப்பன்று தனக்கு ஆள் இல்லை. அயலாரை விரும்பிக்கொண்டவர் எவருமிலர். அயலார் வாய்த்தவர், வாய்த்தவரோடு வாழ்வதே ஊரில் வாழ்தல்.

இதனைச் சட்டமும் ஒப்புக்கொண்டது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் அமைத்த தேசவழமையில், காணி விற்க விரும்புபவன் அதனை முதலில் உரிமைக்காரர்க்கும் பங்காளிகளுக்கும், அடுத்த காணிக்காரராய் அதனை ஒற்றியாகவும் கொண்டிருக்கக்கூடியவர்க்கும் அறிவித்தல் வேண்டும் என்ற விதி உண்டு. பிறத்தியான் ஒருவன் பணத்தோடு வந்து நிற்பது போதாது. அயல் அவனை அறிந்திருத்தல் வேண்டும். இன்று அதே காணி எவ்வாறு கைமாறுகின்றது என்று பாருங்கள். விளம்பரம் இணையத்தில், உரிமைக்காரர் நால்வர் நான்கு தேசத்தில், வாங்குபவர் ஐந்தாந் தேசத்தில். தரகர் கையில் தொலைபேசியைப் பிடித்தபடி கிணற்றையும் பனைகளையும் எல்லைக் கதியாலையும் காட்டி நடக்கின்றார். எல்லைக்கு அப்பால் நின்று, ‘தம்பி, ஆருக்குக் காட்டுறீர்?’ என்று கேட்கும் கிழவிக்கு மறுமொழி கிடைப்பதில்லை. பேச்சு வேறு திசையில் நடந்துகொண்டிருக்கின்றது.

ஊரைவிட்டுப் போதல் எங்களுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலாயாவுக்குக் கப்பலேறினார்கள், புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தார்கள், மணியோடர் அனுப்பினார்கள், ஓய்வூதியத்தோடு வந்து கல்வீடு கட்டினார்கள். கொழும்புக்குப் போனவர்களும் அப்படியே. ஆனால் அவர்களின் ஊர் கடிதத்தில் வந்த ஊர். கடிதம் எழுதுபவர் எதை எழுதலாம், எதை விடலாம் என்று தெரிந்து எழுதினார். தாய்க்கு நோய் என்பதை நோய் மாறியபின் எழுதினார்கள். ஊருக்கென்று ஒரு மறைப்பு இருந்தது. அந்த மறைப்பே பிரிந்தவரையும் இருந்தவரையும் காத்தது என்று சொன்னாலும் பொருந்தும். இன்று தாய் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஏறுமுன்பே சூரிச்சில் மகனுக்குத் தெரிந்துவிடுகின்றது. தெரிந்து அவன் செய்யக்கூடியது பணம் அனுப்புதலும் பதறுதலுமே.

கடிதத்துக்கும் இணையத்துக்கும் இடையே ஓர் இருண்ட காலம் இருந்தது. 1990களில் யாழ்ப்பாணத்திலே மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. வெளிநாட்டிலுள்ள மகனோடு பேச விரும்பிய தாய் வவுனியாவிலோ கொழும்பிலோ ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தின் வாங்கில் மணிக்கணக்கிற் காத்திருந்தாள். அந்த வறட்சிக்குப் பின் வந்த வெள்ளம் இது. இதனை வெறும் கேளிக்கை என்று இகழ்வோர் அந்த வாங்கில் இருந்து பார்க்காதவர்.

அதனிலுங் கொடியது ஊரே இல்லாது போன நிலை. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு எழுந்தார்கள். மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலமும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலை 3ஆம் நாள். இருபத்தேழு ஆண்டு! அவ்வளவு காலமும் அவ்வூரவர் தம்மை அவ்வூரவர் என்றே சொல்லி வந்தார்கள். முகாமிலே பிறந்த பிள்ளையும் அப்படியே சொல்லிற்று. 2005இல் கூகிள் நிறுவனம் வானிலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் யாவருங் காணும்படி வைத்தது. என்னோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் அவ்வட்டாரத்தவர். கணினி அறையில் மாணவன் ஒருவனை அருகில் இருத்தி, கடற்கரையிலிருந்து வீதியை எண்ணி, வீதியிலிருந்து கோயிலை எண்ணி, கோயிலிலிருந்து தம் வளவை எண்ணினார். கூரையைக் காணோம், பச்சையே தெரிந்தது. அவர் கண் கலங்கவில்லை. ‘மா நிற்குது போல’ என்று மட்டும் சொன்னார். காலால் மிதிக்க முடியாத நிலத்தைக் கண்ணால் மிதித்த முதல் தலைமுறை அவர்கள்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வமும் உணவும் பறையும் தொழிலும் அதன்மேல் எழும் கருப்பொருள். மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள். நிலத்தை முதலாக வைத்து ஒழுக்கத்தை எண்ணிய மரபு இது. ஆனால் ஐந்திணையுள் நடுவண் நின்ற பாலைக்கு மட்டும் அவர் நிலம் பகுத்துக் கொடுத்தாரில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தே பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தால் அறியப்படுவது. அந்தப் பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. தனக்கென நிலமில்லாத திணை எதுவோ, பிரிவு அதற்கே உரியதாயிற்று. வகுப்பிலே இதனை விளக்குவது முன்னெல்லாம் கடினம். நிலமில்லாமல் ஒரு திணையா என்று மாணவர் விழிப்பர். இப்பொழுது கடினமில்லை. கையிலுள்ள தொலைபேசியைக் காட்டினால் விளங்கிக்கொள்கின்றார்கள். இணையத்தில் உள்ள எங்கள் ஊர் பாலை. உள்ள நிலம் இயல்பு திரிந்ததால் அது உண்டாயிற்று. அங்கே நடக்கும் பேச்செல்லாம் பிரிவும் பிரிவின் நிமித்தமுமே.

பாலையின் குணம் ஒன்று. பிரிந்தவனுக்கு ஊர், தான் பிரிந்த நாளிலேயே நின்றுவிடுகின்றது. 1985இல் போனவனுக்கு 1985. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் போனவனுக்கு 1995. ஊரிலிருப்பவனுக்கோ நாள் ஓடுகின்றது. வாசிகசாலை முன்றலில் நின்ற வேம்பு தறிக்கப்பட்ட படம் குழுவில் ஏறியதும், ‘ஆரைக் கேட்டுத் தறித்தனீர்கள்?’ என்று மூன்று கண்டத்திலிருந்து கோபம் வரும். தறித்தவர்களுக்கு, கொப்பு முறிந்து ஓட்டின்மேல் விழுவது நாளாந்தத் தொல்லை. இதிலே வேடிக்கை யாதெனின், வேம்புக்கு அழுதவர்களே பழைய வெள்ளைக்கல் மண்டபத்தை இடித்துச் சீமெந்துக் கோபுரம் எழுப்பப் பணம் அனுப்பியவர்களும் ஆவர். மரம் பழையபடி நிற்க வேண்டும். கோயில் மட்டும் பக்கத்து ஊர்க் கோயிலிலும் ஓரடி உயர வேண்டும். பாலையிலே இருந்து பார்ப்பவர்க்கு எது ஊரின் உயிர், எது ஊரின் அணி என்று தெரிவது அரிது.

நடத்தையும் மாறிற்று. திருவிழா நேரடியாக ஒளிபரப்பப்படுகின்றது. நல்லூரில் இருபத்தைந்து நாளும் பார்க்கலாம். ஊர்ச் சிறு கோயில்களிலும் பார்க்கலாம். பார்ப்பவர்க்கு அது பெரும்பேறு, அதனை மறுக்கவில்லை. ஆனால் சுவாமி வாசலில் சற்று அதிகமாக நிற்கின்றார். காமராக்காரர் விலகும்வரை தூக்குவோர் தோள் மாறுவதில்லை. மரண வீட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். விசாக் கிடைக்காத மகனுக்காக ஒருவர் தொலைபேசியை இறந்தவரின் முகத்தருகே பிடித்து நிற்கின்றார். மருமகன் முறையான ஒருவன் மகனுக்குப் பதிலாகக் கொள்ளிக்குடம் தோளில் ஏற்றுகின்றான். சுற்றி நின்றோர் தம்மையறியாமல் இரு கூறாகப் பிரிந்து வழி விடுகின்றனர். அந்த வழி பிணத்துக்கன்று, அந்தச் சிறு கண்ணாடிக்கு. அதனூடே பார்த்து அழும் மகனை எவரும் பரிகசிக்க ஒண்ணாது. ஆயினும் அந்த வீட்டிற்கு மூன்று நாளாகத் தேநீர் ஊற்றியவளும், பாயும் கதிரையும் சுமந்தவனும் ஒளிபரப்பில் வருவதில்லை. அயலாரின் உழைப்புக்கு ஒளிவடிவம் இல்லை.

இணையத்தால் இடம் அழிந்தது என்போர்க்கு ஒன்று காட்டுவேன். எங்கள் நாட்டில் அந்தியேட்டியன்று நினைவு மலர் அச்சிட்டு வழங்குவது வழக்கம். கல்வெட்டு என்பது அதன் பழம்பெயர். அதிலே திதி வெண்பா என்று ஒன்று இருத்தல் வேண்டும். இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவை அடங்கப் பாடுவது. ஆட்டைத் திவசத்துக்கு நாள் மறவாதிருக்க எழுந்த யாப்பு அது. இலக்கியச் சுவை பிந்தியது. இவ்வெண்பாக் கேட்டு வரும் செய்திகள் இப்பொழுது பெரும்பாலும் கடல் கடந்து வருகின்றன. ‘ஐயா, அப்பா செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் காலமாகிவிட்டார், இன்றைக்கே வெண்பா வேண்டும்’ என்று ஒரு மாசி மாதத்திலே ரொறன்ரோவிலிருந்து வந்தது. அவர்களிடம் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு உரிய பக்கத்தைப் பார்த்துத் திதியையும் அவர்களே எடுத்து எழுதியிருந்தார்கள்.

குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணி பின். கோடையில் ஒன்பதரை மணி பின். அங்கே செவ்வாய் இரவு ஒன்பது என்றால் இங்கே புதன் காலை ஏழரை. பத்தரை மணி என்பது இருபத்தாறே கால் நாழிகை. ஒரு திதியின் அளவு ஏறத்தாழ அறுபது நாழிகை. ஆகவே ஏறக்குறைய அரைத் திதி பிழைத்துவிடும். ஒரு கணத்திலே சந்திரனும் சூரியனும் விலகி நிற்கும் அளவு உலகெங்கும் ஒன்றே. அதனைக் குறிக்கும் நாழிகைதான் ஊருக்கூர் வேறு. பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணித்ததோ அந்த ஊரின் உதயத்தோடு கட்டுண்டது. அவர்கள் தந்தது திரயோதசி, உரியது சதுர்த்தசி. வாக்கியமா திருக்கணிதமா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்கவில்லை; அதற்கு வேறொரு வாரமும் வேறொரு பக்கமும் வேண்டும். இன்னுமொன்று. 1996 முதல் 2006 வரை இலங்கைக் கடிகாரமே முதலில் ஒரு மணியும் பின்னர் அரை மணியும் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் வன்னியில் பழைய நேரமே வழங்கிற்று. அப்பத்தாண்டில் இறந்தோர்க்குத் திதி பார்ப்பவர், எந்த ஊர் என்று மட்டுமன்றி எந்தக் கடிகாரம் என்றும் கேட்டாக வேண்டும். செய்தி கண்ணிமைப் பொழுதில் வந்துவிடுகின்றது. இறந்தவன் எங்கே இருந்தான் என்ற கேள்வி அதனால் நீங்கவில்லை.

அந்தக் கல்வெட்டுக்களையே இணையம் காத்துவைத்திருக்கின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதன் பின்னும் இடப்பெயர்வுகளிலே வீட்டு அலுமாரிகளோடு போனவைக்குக் கணக்கில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் கும்பாபிஷேக மலர்களும் நினைவு மலர்களும் பல்லாயிரக் கணக்கில் ஏறியுள்ளன. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதனைத் தொடக்கி வளர்த்தோருள் முன்னிற்கும் இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், அதனை வளர்த்த காலத்தில் வாழ்ந்தது ஐக்கிய அரபு இராச்சியத்தில். ஒரு நினைவு மலரின் பின்னட்டையிலுள்ள வமிசவழியை வைத்து ஒரு குறிச்சியின் நூறாண்டு வரலாற்றை மாணவன் ஒருவன் எழுதக்கூடும். மண்ணிலிருந்த ஊர் தன் எழுத்தைக் காக்கவில்லை. கறையானுக்கும் தீக்கும் கொடுத்தது. நிலமில்லாத ஊரே காத்தது.

இவ்விடத்தில் ஒரு கசப்பையும் விழுங்காமல் சொல்லிவிடுகின்றேன். இணையத்து ஊரிலே ஊர் எப்பொழுதும் இனிமையானது. கிணற்றுத் தண்ணீர் தேன், பனங்கிழங்கு அமுது, அயலார் எல்லாரும் அண்ணன் தம்பிகள். அந்தக் கிணற்றில் எல்லாரும் அள்ளினார்களா? கோயில் வாசலை எல்லாரும் தாண்டினார்களா? 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக நடந்ததை அறிந்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கின்றார்கள். நிலமில்லாத ஊருக்கு வேலியும் இராது என்று எண்ணியிருந்தோம். இணையத்துத் திருமணப் பொருத்தப் பக்கங்களைப் பார்த்தால் வேலி இருப்பது தெரியும். ஊர்ப்பெயரைக் கேட்பார்கள், பின்னர் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், பின்னர் எந்தக் கோயிலடி என்று கேட்பார்கள். ஸ்காபரோவிற் பிறந்து, ஊரை ஒருநாளும் காணாத பெண்ணுக்கும் கோயிலடி உண்டு. மாறாக, அதே இணையத்திலே, ஊர்க்குழுவிற் சேர்க்கப்படாதவர்கள் தங்கள் குறிச்சியின் பெயரைத் தலைநிமிர்ந்து எழுதித் தமக்கென ஒரு பக்கம் நடத்துவதும் உண்டு. பழைய ஊரில் அவர்களுக்கு அச்சகம் எட்டாதிருந்தது.

அயல் என்பது வாய்த்தது என்றேன். இணையத்து ஊரில் அது தெரிந்துகொள்வது. பிணக்கு வந்தால் விரலால் ஒரு தொடுகை. ‘குழுவிலிருந்து விலகினார்’ என்று ஒரு வரி தோன்றும். மறுநாள் விடியற்காலையில் எவருடைய துலாவிலும் ஏற வேண்டியதில்லை. இதனை விடுதலை என்பார் உளர். பழைய ஊரில் நெரிசற்பட்டோர்க்கு அது விடுதலைதான். ஆனால் சினந்தும் சேர்ந்திருக்கப் பழகும் பயிற்சி பிள்ளைகளுக்கு இனி எங்கே கிடைக்கும் என்பது ஆசிரியன் கேட்க வேண்டிய கேள்வி. வகுப்பறை ஒன்றுதான் எஞ்சியிருக்கின்றது போலும். அங்கே மட்டுமே அயற்பிள்ளை தெரிந்தெடுக்கப்படாதவன்.

அந்த வகுப்பறையும் 2020 மார்ச்சில் மூடப்பட்டபோது நிலம் தன் வலிமையைக் காட்டிற்று. நாங்கள் பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஸூமில் முகம் பார்த்தோம். பட்டினத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டிற்று. ஊவாவின் மலைக்கிராமங்களிலோ, அலை கிடைக்கும் இடந்தேடி ஆசிரியரும் மாணவரும் பற்றைக்காட்டினூடே நடந்து பாறையேறினார்கள், மரத்திலும் ஏறினார்கள். தோட்டத்து லயன் அறையில் மூன்று பிள்ளைகளுக்குத் தொலைபேசி ஒன்று. அதுவும் தந்தை வேலையால் வந்தபின். எங்கிருந்தும் கற்கலாம் என்று சொல்லப்பட்ட கல்விக்குக் கடைசியில் ஒரு குறித்த பாறை வேண்டியிருந்தது. அரசும் அவ்வாறே தன் எல்லையை நினைவூட்டிற்று. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் நாளிலும் இந்நாட்டிற் சமூக வலைத்தளங்கள் தடுக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்தோர் அழைத்து அழைத்து மறுமொழி காணாது தவித்தார்கள்.

அந்த 2022இல் நடந்த இன்னொன்று எங்கள் கதைக்கு நேர்மாறானது. அதனாலேயே இங்கே எடுத்துச் சொல்லத் தக்கது. இதுகாறும் கூறியது நிலம் இருந்து, அது நீங்க, ஊர் இணையத்துக்குப் போன கதை. காலிமுகத்திடலிலோ இணையத்திலே கூடியவர்கள் நிலத்துக்கு இறங்கினார்கள். ஏப்ரல் 9ஆம் நாள் முகநூல் வழியே அழைப்புப் பெற்றுத் திரண்டவர்கள் அங்கேயே கூடாரமடித்தார்கள். அதற்குக் ‘கோட்டா கோ கம’ என்று பெயரிட்டார்கள். கம என்பது சிங்களத்தில் ஊர். அதற்கு வேறு பெயர் அகப்படாமலா போயிற்று? முகாம் என்றோ மேடை என்றோ வைக்காமல் ஊர் என்றே வைத்தார்கள். நூலகம் வைத்தார்கள், சமையற்கூடம் வைத்தார்கள். கூகிள் வரைபடத்திலும் அவ்வூர் இடம்பெற்றது. மே 18ஆம் நாள் அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்க்கப்பட்டு, சிங்களரும் தமிழரும் கூடி நின்று குடித்தார்கள். அவ்வூரைப் பிறப்பிடமாகக் கொண்டவர் எவருமிலர். ஜூலை 22ஆம் நாள் விடியுமுன் படையினர் புகுந்தார்கள். சில வாரங்களில் கூடாரங்கள் அகன்றன. இன்று அங்கே பட்டம் விடுகின்றார்கள். நான்கு மாத ஊர். அதனை ஊரென்று ஏற்பதா என்று பண்டிதர்கள் வாதிடலாம். கஞ்சி வார்க்க ஒரு தரை வேண்டியிருந்தது என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்கின்றேன்.

திரும்ப எங்கள் மண்ணுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஓரூரில் கேணி தூர்ந்து கிடந்தது. முன்னெல்லாம் ஆவணியிலே, மழைக்கு முன்னர், வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வருவார். கஞ்சியும் கருப்பட்டியும் ஊரின் செலவு. அந்த வழக்கம் விட்டு முப்பது ஆண்டாயிற்று. ஊரின் வட்ஸ்அப் குழுவிலே பேச்செழுந்து, மூன்று நாளில் ஐந்து தேசத்திலிருந்து பணம் சேர்ந்தது. கல்லில் யார் பெயர் முதலில் வருவது என்ற பேச்சு மட்டும் மூன்று வாரம் நடந்தது. பின்னர்ப் பெக்கோ வந்தது. இரண்டு நாளில் வேலை முடிந்தது. அதனை இயக்கியவர் வேற்று மாவட்டத்தவர். மண்வெட்டி பிடிக்க ஊரில் ஆளில்லை, இருந்தவர்க்கு நேரமில்லை.

இரண்டாம் நாள் மாலையில் ஒரு பையன் கரையில் நின்று தொலைபேசியிற் காட்டிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயதிருக்கும். ஒஸ்லோவிலிருந்து ஒரு பெண்குரல், ‘தம்பி, வடக்கு மூலையிலே ஒரு கறுத்தக் கல் இருக்கும், நாங்கள் இருந்து தோய்க்கிற கல், அதைக் காட்டுங்கோ’ என்று கேட்டது. பையனுக்கு அது தெரியாது. கரையிலிருந்த மூதாட்டியார் ஒருவரிடம் போய்க் கேட்டான். அவர் வடக்கு மூலையைப் பார்த்துவிட்டு, ‘அதை எப்பவோ கிளப்பிக்கொண்டு போட்டாங்கள், மோனை’ என்றார். பையன் சற்று நின்றான்; பின்னர்த் தொலைபேசியைக் கிழக்குப் பக்கத்தில் கிடந்த வேறொரு கல்லுக்கு நேரே திருப்பினான்.

‘அதேதான், அதேதான்’ என்றது ஒஸ்லோ.